கம்பியின்றிப் பத்துக் கிலோமீட்டர்: ஊர்ப்புறத்துக்கு இணையம் கொண்டுசெல்லும் நுட்பம்

ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை வடம் வழியே அதிவேக இணையம் சிறுநகரங்களின் வீடுகள்வரை வந்துவிட்ட பின்னும், அங்கிருந்து ஐந்தோ பத்தோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்து வீடும் கோழிப்பண்ணையும் மலையடிவாரப் பள்ளியும் அந்த வசதிக்கு வெளியிலேயே நிற்பதை இந்தியக் கிராமப்புறங்களில் இன்றும் காணலாம். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2011-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற அத்திட்டம் ஊராட்சி அலுவலகம்வரை வடத்தைக் கொண்டுவந்தாலும், அதற்கு அப்பால் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் பள்ளம் தோண்டி வடம் பதிப்பது செலவுக்குக் கட்டுப்படியாவதில்லை. மலை மறைப்பில் இருக்கும் இடங்களில் கைப்பேசிக் கோபுரத்தின் அலையும் நலிந்தே கிடைக்கிறது. இத்தகைய இடங்களில், இணைப்பு உள்ள ஓரிடத்திலிருந்து இணைப்பு இல்லாத மற்றோரிடத்துக்கு வானொலி அலைகளின் வழியே நேரடியாகப் பாதை அமைப்பதே எளிய தீர்வாகிறது. இதைத் தொழில்நுட்பர்கள் ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ இணைப்பு, அதாவது ஒரு முனையை மற்றொரு முனையோடு மட்டும் கோக்கும் இணைப்பு என்பர்.

தேனி காட்டிய வழி

இந்த முறை ஏட்டளவில் நிற்கும் கருத்து அன்று என்பதற்குத் தேனி மாவட்டம் சான்று. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம மக்கள் கண் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து நகரத்துக்கு வர வேண்டிய நிலையை மாற்றுவதற்காகச் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார்; தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியோடு பேசி மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சொல்வார். காணொளி தடையின்றி ஓடுவதற்கேற்ற இணைப்பு அன்று அப்பகுதியில் இல்லாததால், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ‘டியர்’ ஆய்வுக்குழு மருத்துவமனையோடு கைகோத்து, சாதாரண வைஃபை அட்டைகளையும் திசை ஆன்டெனாக்களையும் கொண்டு போடிநாயக்கனூர், சின்னமனூர், ஆண்டிபட்டி போன்ற ஊர்களின் மையங்களைத் தேனியோடு இணைத்தது. இணைப்புகளின் நீளம் ஒன்று முதல் பதினைந்து கிலோமீட்டர்வரை இருந்தது. நேராகப் பார்க்க முடியாத இடங்களுக்கு இடைநிலைக் கோபுரங்கள் வழியே அலை கைமாற்றி அனுப்பப்பட்டது.

வீட்டுக்குள் முப்பது மீட்டர் தாண்டினாலே தளர்ந்துவிடும் வைஃபை பதினைந்து கிலோமீட்டர் எப்படிச் செல்லும் என்ற ஐயம் இயல்பானது. வெனிசுவேலா நாட்டில் எர்மானோ பியெட்ரோசெமோலியும் அவருடைய குழுவினரும் 2007-இல் இரண்டு மலையுச்சிகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தொலைவுக்கு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் காட்டினர். வீட்டில் அலையைத் தளர்த்துபவை சுவர்களும், எல்லாத் திசையிலும் அலையைச் சிதறவிடும் ஆன்டெனாவும்தான். அவ்விரண்டையும் நீக்கிவிட்டால் அதே அலை நெடுந்தொலைவு செல்லும்.

அலைவரிசையும் அனுமதியும்

வானொலி அலைகளை அவை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றன என்பதைக் கொண்டு வகைப்படுத்துவர். நொடிக்கு நூறு கோடி அதிர்வுகள் ஒரு கிகாஹெர்ட்ஸ் எனப்படும். பெரும்பாலான அலைவரிசைகளைப் பயன்படுத்த அரசின் உரிமம் வேண்டும் என்றாலும், குறிப்பிட்ட திறன் வரம்புக்குள் எவரும் பயன்படுத்தலாம் என்று சில பட்டைகள் உரிம விலக்குப் பெற்றுள்ளன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமமின்றி இயங்க 2005-இல் வழி பிறந்தது. தேனிப் பணி இந்தப் பட்டையை நம்பியே நடந்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 5.15 முதல் 5.35 வரையிலும் 5.47 முதல் 5.875 வரையிலும் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைகள் உரிம விலக்குப் பெற்றன. 2.4 பட்டையில் வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய எல்லாம் நெருக்கியடித்து இயங்குவதால் இரைச்சல் மிகுதி. ஆகவே இன்று புதிதாக இணைப்பு அமைப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

உரிம விலக்கு என்பதைக் கட்டுப்பாடே இல்லாத நிலை என்று கொள்ளலாகாது. ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் திறனுக்கு உச்சவரம்பு உண்டு. கருவி இந்தியாவில் பயன்படுத்துவதற்கான வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இணையத்தை மற்றவர்களுக்குக் கட்டணத்துக்கு விற்பதானால் பொதுவாக இணைய சேவை உரிமம் தேவை. தமக்குச் சொந்தமான இரண்டு இடங்களை இணைப்பவரும் தம்முடைய பிராட்பேண்ட் ஒப்பந்தம் இணைப்பை வேறு முகவரிக்குக் கொண்டுசெல்ல இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்வது முறை.

ஆன்டெனாவின் பங்கு

திசை ஆன்டெனா புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை. டார்ச் விளக்கின் குழிந்த கண்ணாடி சிறிய பல்பின் ஒளியை ஒரே பக்கமாகத் திரட்டுவதைப் போல, அது எல்லாத் திசையிலும் சிதற வேண்டிய அலையை ஒரு குறுகிய கற்றையாகக் குவிக்கிறது. இப்படிக் குவிவதால் கிடைக்கும் பெருக்கத்தை டெசிபெல் என்ற அளவால் குறிப்பர். பத்து டெசிபெல் என்பது பத்து மடங்கு, இருபது டெசிபெல் என்பது நூறு மடங்கு, இருபத்து மூன்று டெசிபெல் என்பது ஏறத்தாழ இருநூறு மடங்கு. பெருக்கல் கணக்கைக் கூட்டல் கணக்காக மாற்றித் தருவதே இந்த அளவின் பயன். அதனால் ஓர் இணைப்பு தேறுமா தேறாதா என்பதைக் காகிதத்திலேயே கூட்டிக் கழித்து அறிந்துவிடலாம்.

5.8 கிகாஹெர்ட்ஸ் அலை பத்துக் கிலோமீட்டர் வெற்றுவெளியைக் கடக்கையில் சுமார் 128 டெசிபெல் இழக்கிறது. தொலைவு இரட்டித்தால் இழப்பு மேலும் 6 டெசிபெல் கூடும். அனுப்பும் கருவியின் திறன் 20 மில்லிவாட் என்று கொண்டால், ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்து எண்ணும் டிபிஎம் கணக்கில் அது 13. அதனோடு 23 டெசிபெல் ஆன்டெனாவைச் சேர்த்தால் 36. இது நான்கு வாட்டுக்கு நிகரான வெளிப்பாடு. அதிலிருந்து 128-ஐக் கழித்து, மறுமுனை ஆன்டெனா திரட்டித் தரும் 23-ஐக் கூட்டினால் கிடைப்பது கழித்தல் 69 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய திறனையும் இன்றைய கருவிகள் தெளிவாக உணர்கின்றன. மிகக் குறைந்த வேகத்துக்குக் கழித்தல் 90 அளவிலான சைகைகூடப் போதும் என்றாலும், உயர்ந்த வேகத்துக்குக் கழித்தல் 70-ஐ ஒட்டியோ அதைவிட வலுவாகவோ சைகை வேண்டும். காற்றும் வெப்பமும் நாளுக்கு நாள் மாறுவதால் தேவைக்கு மேல் 10 முதல் 20 டெசிபெல்வரை இருப்பு வைப்பது மரபு.

இந்தக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஓர் உண்மை வெளிப்படுகிறது. இருபுறமும் 30 டெசிபெல் தட்டு ஆன்டெனாவை வைத்து, வெளிப்பாடு அதே 36-ஐத் தாண்டாதபடி கருவியின் திறனைக் குறைத்துவிட்டாலும், பெறும் முனையில் 7 டெசிபெல் கூடுதலாகக் கிடைத்துச் சைகை கழித்தல் 62-க்கு உயர்கிறது. ஆகவே திறனைக் கூட்டி வரம்பை மீறுவதைவிடப் பெரிய ஆன்டெனாவை வாங்குவதே சட்டத்துக்கும் பொருந்தும், அக்கம்பக்கத்து இணைப்புகளுக்கும் இடையூறு தராது. குறுகிய கற்றை வேண்டாத திசைகளின் இரைச்சலையும் ஒதுக்கிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது

இந்த அதிர்வெண்களில் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிய வேண்டும் என்பது முதல் விதி. ஆனால் அலை நூல் பிடித்தாற்போல் ஒற்றைக் கோட்டில் செல்வதில்லை. இரு முனைகளிலும் கூர்ந்து நடுவில் பருத்த, கதிர் வடிவமுள்ள ஒரு வெளி முழுவதையும் அது பயன்படுத்துகிறது. ஒளியின் அலைத்தன்மையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் ஃப்ரெனலின் பெயரால் அது ஃப்ரெனல் மண்டலம் எனப்படுகிறது. பத்துக் கிலோமீட்டர் இணைப்பில், 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு அதன் நடுப்பகுதி ஆரம் சுமார் 11.4 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கோ 17.7 மீட்டர். இந்த ஆரத்தில் அறுபது விழுக்காடாவது மரமோ மேடோ கட்டடமோ நுழையாமல் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் மறுமுனை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் இணைப்பு தடுமாறும்.

இதனோடு பூமியின் வளைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றுமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைத்து உதவுவதைக் கணக்கில் கொண்ட பிறகும், பத்துக் கிலோமீட்டர் பாதையின் நடுவில் நிலம் ஒன்றரை மீட்டர் மேலெழுந்து நிற்கிறது. இருபது கிலோமீட்டரில் அது ஆறு மீட்டரை நெருங்கும். சமவெளியில் பாதையின் நடுவே இருபது மீட்டர் உயரத் தென்னந்தோப்பு இருந்தால், மரத்தின் உயரம் 20, ஃப்ரெனல் இடைவெளி 7, வளைவு ஒன்றரை என்று கூட்டிப் பார்க்க, கற்றை அவ்விடத்தில் ஏறத்தாழ 28 முதல் 29 மீட்டர் உயரத்தில் செல்ல வேண்டும் என்பது புலப்படும். இரு முனைகளிலும் அவ்வளவு உயரக் கோபுரம் எழுப்பும் செலவு கருவிகளின் விலையைப் பன்மடங்கு மிஞ்சிவிடும். ஆகையால் அருகிலுள்ள கரடு, மேல்நிலை நீர்த்தொட்டி, பள்ளியின் மாடி ஆகியவற்றில் அனுமதி பெற்று ஓர் இடைநிலையை அமைத்துப் பாதையைத் திருப்புவது பெரும்பாலும் சிக்கனமானது.

மரங்களைப் பற்றிய கணக்கில் வருங்காலமும் இடம்பெற வேண்டும். இலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சுவதால், கோடையில் இலையுதிர்ந்த நிலையில் தேறிய இணைப்பு மழைக்காலத்தில் துளிர்த்து நனைந்த இலைகளின் முன் நின்றுவிடும்; இன்று எட்டு மீட்டர் இருக்கும் மரம் சில ஆண்டுகளில் பாதையை மறிக்கும். மழைத்துளிகள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஏரிப்பரப்பும் நீர் நிறைந்த வயலும் அலையைத் தெறித்தனுப்புவதுண்டு. அப்படித் தெறித்த அலை நேர் அலையோடு முரண்பட்டுச் சில நேரங்களில் அதை நலியச் செய்யும் என்பதால், நீர்நிலையின் மேல் செல்லும் பாதையைத் தவிர்க்க இயன்றால் தவிர்ப்பது நலம்.

காலத்தின் கணக்கு

பாதை சரியாக அமைந்த பின்னும் வைஃபைக்கு உள்ளார்ந்த ஒரு குறை எஞ்சுகிறது. அனுப்பப்பட்ட ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை உடனே திரும்ப வேண்டும் என்றும், வராவிட்டால் பொட்டலம் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்ப வேண்டும் என்றும் அதன் விதிமுறை வகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டடத்துக்குள் இயங்குவதற்காக அந்தக் காத்திருப்பு நேரம் மைக்ரோநொடிகளில், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிய அளவில் நிர்ணயிக்கப்பட்டது. பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு அலை போய்வரவே 67 மைக்ரோநொடி ஆகிறது. ஒப்புகை வழியில் இருக்கும்போதே அனுப்பியவர் பொறுமையிழந்து மறுபடி அனுப்புவதால் வேகம் சரிகிறது. அன்றியும், யாரும் பேசவில்லை என்று கேட்டறிந்த பிறகே பேசத் தொடங்கும் வைஃபையின் ஒழுங்கு, மறுமுனையின் பேச்சு தாமதமாகக் காதில் விழும் தொலைவில் பயனற்றுப் போகிறது.

இதற்கான தீர்வில் இந்திய ஆய்வுக்கும் பங்கு உண்டு. ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமன் உள்ளிட்டோர் கங்கைச் சமவெளிக் கிராமங்களை இணைத்த ஆய்வுத் திட்டத்தில், ஒரு கோபுரத்தின் எல்லா ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பின்னர் ஒரே நேரத்தில் பெறவும் செய்யும் முறையை வகுத்து 2005-இல் வெளியிட்டனர். பெர்க்லி குழு அதை மேலும் வளர்த்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புகை கேட்காமல் தொகுதிக்கு ஒன்று கேட்பதையும், பேச்சுரிமையை நேரத் துண்டுகளாகப் பங்கிடுவதையும், இழப்பை ஈடுசெய்யக் கூடுதல் குறிப்புகளைச் சேர்த்தனுப்புவதையும் இணைத்து ‘வைல்டுநெட்’ என்ற முறையை 2007-இல் வெளியிட்டது; வழக்கமான வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு தரவை அது கடத்தியது. யுபிக்விட்டி, மைக்ரோடிக், கேம்பியம் போன்ற நிறுவனங்களின் வெளிப்புறக் கருவிகளில் இன்று நேரப் பங்கீட்டு முறை தயாராகவே வருகிறது. கருவியின் அமைப்புப் பக்கத்தில் தொலைவைச் சரியாகக் குறித்துவிட்டால், பத்துக் கிலோமீட்டர் இணைப்பில் நொடிக்கு நூறு மெகாபிட்டைத் தாண்டுவது இன்று அரிதன்று.

நிறுவும் பணி

பணியின் முதற்கட்டம் வரைபடத்தில் தொடங்குகிறது. இரு இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கைப்பேசியால் குறித்து, நில உயரத்தின் வெட்டுமுகத்தைக் காட்டும் இலவச இணையக் கருவிகளில் இட்டுப் பாதையைப் பார்க்கலாம். ஆனால் அந்த வரைபடங்கள் நிலத்தின் உயரத்தைக் காட்டுவனவே தவிர நேற்று எழும்பிய கட்டடத்தையும் வளரும் மரத்தையும் நம்பத்தக்க முறையில் காட்டுவதில்லை என்பதால், தெளிந்த வானமுள்ள காலைப்பொழுதில் மேலேறி இருநோக்காடியால் மறுமுனையைக் கண்டுறுதி செய்த பிறகே பொருள் வாங்க வேண்டும்.

ஆன்டெனாவைத் தாங்கும் இரும்புக்குழாய் காற்றில் அசையாதபடி மூன்று திசைகளிலும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டப்பட வேண்டும். தட்டு பெரிதாகப் பெரிதாகக் காற்றின் அழுத்தமும் கூடும். அலைகள் செங்குத்தாகவோ கிடைமட்டமாகவோ அதிரும் தன்மையைத் துருவமுறை என்பர். இரு முனைகளிலும் அது ஒத்திருக்க வேண்டும். பிறகு ஒருவர் தம் முனை ஆன்டெனாவை மெல்ல இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்ப, மற்றவர் சைகையின் எண்ணைக் கைப்பேசியில் சொல்லிவர, உச்சம் கண்ட இடத்தில் முடுக்க வேண்டும். முதன்மைக் கற்றைக்கு இருபுறமும் வலுக்குறைந்த பக்கக் கற்றைகள் இருப்பதால், முதலில் தென்படும் உச்சத்தையே முடிவென்று எண்ணிவிடாமல் அதைத் தாண்டியும் திருப்பிப் பார்த்து, கிடைத்த எண் காகிதக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுவது அவசியம். கணக்குக்கும் நேரில் கிடைத்ததற்கும் பத்து டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு இருந்தால் திசையிலோ பாதையிலோ பிழை இருக்கிறது என்று பொருள்.

கருவிக்கு வேண்டிய மின்சாரமும் தரவும் ஒரே லேன் கேபிளில் மேலேறுகின்றன. வெயிலைத் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக அது இருக்க வேண்டும். அதன் நீளம் நூறு மீட்டரைத் தாண்டலாகாது. இணைப்புக்கு வலுவான கடவுச்சொல்லிட்டு, தொழிற்சாலையில் வைத்த பொதுக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால், பெறும் முனையில் ஒரு சாதாரண ரவுட்டரை இணைத்துத் தோட்டத்து வீட்டில் வைஃபை பரப்பலாம்.

மின்சாரமே உண்மையான சோதனை

தேனியிலும், இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் திபெத்திய அகதிகளின் குடியிருப்புகளை இணைத்த ‘ஏர்ஜல்டி’ வலையமைப்பிலும் பெற்ற பட்டறிவைத் தொகுத்து ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பாடத்தைத் தருகிறது. இணைப்புகள் செயலிழந்ததற்குப் பெருங்காரணம் அலையிலோ ஆன்டெனாவிலோ இல்லை. தரமற்ற மின்சாரத்தில் இருந்தது. கிராமப்புற மின்கம்பியில் அழுத்தம் நொடிப்பொழுதில் சில நூறு வோல்ட் எகிறிக் கருவியை எரிக்கும். அழுத்தம் தாழ்ந்து நீடிக்கையில் கருவி முழுதாக அணையாமலும் இயங்காமலும் உறைந்து நிற்கும். மின்கலம் வற்றும்வரை உறிஞ்சப்பட்டு விரைவில் கெடும். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானே துண்டிக்கும் சுற்று, உறைந்த கருவியைத் தானே மறுபடி தொடக்கும் அமைப்பு ஆகிய மலிவான தடுப்புகளையே அவர்கள் மருந்தாகக் கண்டனர்.

பம்புசெட் மோட்டார் ஓடி நிற்கும் தோட்டத்திலும் இதே நிலை என்பதால், கருவியை நேரே சுவர் மின்சாரத்தில் மாட்டாமல் மின்கலத்தின் வழியே இயக்குவது பாதுகாப்பானது. எட்டு வாட் எடுக்கும் ஒரு கருவி நாளொன்றுக்கு 192 வாட்-மணி செலவிடும்; 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்கூட ஒரு நாளைக்கு மேல் தாங்கும். 75 முதல் 100 வாட் சூரியத் தகடு ஒன்று அதை வெயில் நாட்களில் நிரப்பிவிடும். உயரத்தில் நிற்கும் இரும்புக்குழாய் இடிமின்னலை ஈர்க்கும் என்பதால், அதற்கு முறையான எர்த் இணைப்பும், கேபிளின் இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பானும் இன்றியமையாதவை.

தேனியின் இரண்டாவது பாடம் மனிதர்களைப் பற்றியது. வெளிநாட்டு ஆய்வாளர்களே ஒவ்வொரு பழுதையும் நீக்கும்வரை வலையமைப்பு சோதனை முயற்சியாகவே இருந்தது. உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த இணைப்பைக் கழற்றி மாட்ட வேண்டும் என்பதை அவர்களே அறிந்த பிறகுதான் அது நிலையான சேவையானது. இரண்டு பண்ணைகளை இணைக்கும் சிறு முயற்சிக்கும் இது பொருந்தும். கருவிகளின் முகவரிகள், கடவுச்சொற்கள், நிறுவிய நாளன்று கிடைத்த சைகை அளவு ஆகியவற்றை ஏட்டில் எழுதி இரு முனைகளிலும் வைத்திருப்பதும், பருவமழைக்கு முன் ஸ்டே கம்பியையும் மரக்கிளைகளையும் பார்ப்பதும், ஊரில் உள்ள இளைஞர் ஒருவருக்கு இவற்றைக் கற்பித்து வைப்பதும் செலவில்லாத காப்பீடுகள்.

தொலைதூரக் கம்பியில்லா இணைப்பு பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்ற நிலை மாறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அலைவரிசை எவருக்கும் திறந்திருக்கிறது, கருவிகள் கடையில் கிடைக்கின்றன, கணக்கு பள்ளிக் கூட்டல் கழித்தலுக்குள் அடங்குகிறது. ஊராட்சி அலுவலகம்வரை வந்த கண்ணாடி இழையை மலையடிவாரப் பள்ளிக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கும் நீட்டிக்க ஊராட்சிகளும் விவசாயக் கூட்டுறவுகளும் முன்வர வேண்டும். முன்வருவோர் கருவியின் விலையை விசாரிக்கும் முன்பே பாதையை அளந்து, மின்சாரத்தைச் சீர்செய்து, பராமரிக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த இணைப்பு நிலைத்து நிற்கும்.